முதல் கடன் அட்டை: வைப்புத்தொகையைக் காட்டியா, சம்பளத்தைக் காட்டியா?

மாதம் 15,000 ரூபாய் வாங்குபவருக்கு இரண்டு வழிகள். சம்பளச் சீட்டைக் காட்டி வாங்கும் அட்டைக்குக் கைக்காசை முடக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சம்பளத்துக்குப் பல வங்கிகள் கையை விரித்துவிடும். ஒவ்வொரு விண்ணப்பமும், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பதிவாகும். ஒரே மாதத்தில் மூன்று வங்கிகளில் கேட்டு, மூன்றிலும் மறுப்பு வாங்கியவன் நான்.

வைப்புத்தொகை அட்டைக்குப் பெரும்பாலும் சம்பளச் சீட்டே கேட்பதில்லை. 25,000 ரூபாய் போட்டால் அதில் பெரும்பகுதி செலவு வரம்பாகக் கிடைக்கும், வைப்புக்கு வட்டியும் வரும். அட்டை இருக்கும்வரை அந்தப் பணத்தைத் தொட முடியாது, அதுதான் இடைஞ்சல். ஒழுங்காகக் கட்டினால் சிபில் மதிப்பெண் இரண்டிலும் வளரும்.

வட்டியில் இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். 6,000 ரூபாய் பில்லில் ‘குறைந்தபட்சம் 300’ என்று ஆசை காட்டுவார்கள். அதை மட்டும் கட்டினால், மாதம் மூன்றரை சதவீதக் கணக்கில் ஏறக்குறைய 200 ரூபாய் வட்டி, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அடுத்து வாங்கும் மளிகைக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

என் ஓட்டு வைப்புத்தொகை அட்டைக்கே. ஆத்திர அவசரத்துக்கு அந்த 25,000 ஒன்றுதான் கையிருப்பு என்றால் மட்டும், இப்போதைக்கு எந்த அட்டையும் வேண்டாம்.