ட்விக் 1-லேர்ந்து 3-க்கு ஏறின கதை, 5-க்கு 4 ஸ்டார்

நான் மொரிஷியஸ்ல ரோஸ் ஹில்ல இருக்கேன், சொந்த ஊரு திருநெல்வேலி பக்கம், இங்க வந்து வெப்சைட் வேலைதான் பாக்குறேன். இங்க ஒரு கோவில் சங்கத்தோட சைட் என் தலைல இருக்கு, பழைய பிஎச்பி சைட், டெம்ப்ளேட் (பக்கத்தோட அச்சு) எல்லாம் ட்விக் 1.24-ல, எனக்கு முன்னாடி யாரோ எழுதினது. ட்விக்னா பிஎச்பி சைட்டுக்கு டெம்ப்ளேட் எழுதுற லைப்ரரி. ஃப்ரெஞ்ச், இங்கிலீஷ், தமிழ்னு மூணு மொழி (ரூபா நோட்டுலயே தமிழ் இருக்கிற ஊரு, கோவில் சைட்ல இல்லாம இருக்குமா). நல்லாதான் ஓடிட்டு இருந்துச்சு. திடீர்னு ஹோஸ்டிங்காரன் ஒரு மெயில் போட்டான், சர்வரை எல்லாம் பிஎச்பி 8-க்கு மாத்தப் போறோம், பழசு ஓடாதுன்னு. அதுவும் தைப்பூசக் காவடிக்கு ரெண்டு மாசம் இருக்கப்ப.

சரி, ட்விக் 3-க்கு போயிடலாம்னு முதல்ல அவசரத்துல கம்போஸர்ல (பிஎச்பி பேக்கேஜ் இறக்குற டூல்) நேரா 3-னு போட்டுப் பாத்தேன், ஒரு பக்கம்கூட திறக்கல. ட்விக்_என்விரான்மென்ட்னு அண்டர்ஸ்கோர் போட்ட பழைய கிளாஸ் பேரே 3-ல கிடையாது, எல்லாம் நேம்ஸ்பேஸுக்கு (கிளாஸ் பேரைக் குழு குழுவா பிரிக்கிற முறை) போயிடுச்சு. தப்பு என் மேலதான். ட்விக்ல ஏற வேண்டிய முறையே வேற, முதல்ல 1-ஓட கடைசி வெர்ஷன் 1.44-க்கு வரணும், அங்கயே எல்லாத்தையும் சரி பண்ணணும், அப்புறம் 2, அப்புறம் 3.

இது ஏன் எனக்குப் புடிச்சுதுன்னா, 3-ல எதை எடுக்கப் போறாங்களோ அதுக்கு பதிலா வர்றதை 1-லயும் 2-லயுமே முன்கூட்டி குடுத்துட்டாங்க. வீட்டைக் காலி பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி புது வீட்டுச் சாவியை கைல குடுக்குற ஓனர் மாதிரி. நேம்ஸ்பேஸ் போட்ட புது பேரும் அண்டர்ஸ்கோர் போட்ட பழைய பேரும் ரொம்ப நாள் பக்கத்து பக்கத்துலயே வேலை செஞ்சுது. ஒரு பகுதியை மொத்தமா மாத்திக் காட்டுற ஃபில்டர் டேக் போகுதுன்னா அப்ளை டேக் பழைய லைன்லயே வந்துடுச்சு. அதனால சைட் லைவ்ல ஓடிட்டு இருக்கப்பவே, பழைய பிஎச்பி 7.4-லயே, ஒவ்வொரு டெம்ப்ளேட்டா மாத்தி ஏத்த முடிஞ்சுது, ஒரு நாளும் சைட் இறங்கல.

எதை மாத்தணும்னு தேடவும் வேணாம். டெப்ரிகேஷன் கலெக்டர்னு ஒரு கிளாஸ் ட்விக்குள்ளயே இருக்கு (டெப்ரிகேஷன்னா, இது பழசு, சீக்கிரம் எடுத்துடுவோம்னு சொல்றது), டெம்ப்ளேட் ஃபோல்டரைக் காட்டினா எந்த ஃபைல்ல எந்த லைன்ல பழசு இருக்குன்னு பட்டியல் போட்டுக் குடுத்துடும். ராத்திரி டீ போட்டு உக்காந்து அந்த லிஸ்ட்டை மேலேர்ந்து கீழ வரைக்கும் முடிச்சேன்.

அதுல நெறைய வந்தது ஃபார் லூப்லயே இஃப் போட்டு எழுதினதுதான். 3-ல அது கிடையாது, லிஸ்ட்டை முதல்லயே ஃபில்டர் பண்ணி ஏரோ ஃபங்ஷன் (ஒரே வரில எழுதுற சின்ன ஃபங்ஷன்) போட்டு எழுதணும். எரிச்சலாத்தான் இருந்துச்சு, ஆனா மாத்துனப்புறம்தான் காரணம் புரிஞ்சுது. பூஜை நாள் வரிசைல "திங்கள், புதன், வெள்ளி," ன்னு கடைசில ஒரு கமா எப்பவும் தொங்கிட்டே இருக்கும், நானும் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். லூப்போட இஃப் சேந்தா எது கடைசி ஐட்டம்னு லூப்புக்கே தெரியாது, அதான் விஷயம். முன்னாடியே ஃபில்டர் பண்ணி விட்டா லூப் லாஸ்ட் (இதுதான் கடைசி ஐட்டமான்னு சொல்றது) ஒழுங்கா வேலை செய்யுது, கமா போயிடுச்சு.

இப்ப வலிச்ச இடம். ட்விக் எக்ஸ்டென்ஷன்ஸ்னு தனி பேக்கேஜ் ஒண்ணு இருந்துச்சு, டெக்ஸ்ட்டை வெட்டுற ட்ரங்கேட், தேதியை மொழிக்கு ஏத்த மாதிரி காட்டுற லோக்கலைஸ்டு டேட் எல்லாம் அதுல. அதை கைவிட்டுட்டாங்க, 3-க்கு வராது. தேதிக்கு இன்ட்ல் எக்ஸ்ட்ரா, வெட்டுறதுக்கு ஸ்ட்ரிங் எக்ஸ்ட்ரானு வேற பேக்கேஜ், ஃபில்டர் பேரும் வேற, ஒவ்வொண்ணா கையால மாத்தணும். மெயின் வீட்ல இவ்ளோ மரியாதை, அவுட் ஹவுஸ்ல இப்படியான்னு திட்டிக்கிட்டேதான் பண்ணேன்.

ஆனா தமிழ் சைட் வச்சிருக்கவங்க இதைக் கேளுங்க. பழைய ட்ரங்கேட் யூனிகோட் கணக்குல வெட்டும், அதாவது புள்ளி, கொம்பு எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும். செய்தித் தலைப்புல "கொடியேற்றம்" பாதில வெட்டுனா "கொடியேற..."ன்னு வந்து நிக்கும், புள்ளியை முழுங்கிடும், சங்கத்து பெரியவர் ஒருத்தர் ரெண்டு தடவை சொல்லிட்டாரு. ஸ்ட்ரிங் எக்ஸ்ட்ரால இருக்கிற யு ஃபில்டர் எழுத்து எழுத்தா எண்ணுது, வெட்டுனாலும் "கொடியேற்..."னு புள்ளியோட நிக்குது.

அடுத்தது மேக்ரோ (ஒரு தடவை எழுதி திரும்பத் திரும்ப கூப்பிடுற துண்டு), இதுல நான் நல்லா மாட்டினேன். ஃபார்ம்ல இன்புட் பாக்ஸ் போடுறதுக்கு ஒரு மேக்ரோ, மெயின் பக்கத்துல இம்போர்ட் பண்ணி, உள்ள இன்க்ளூட் பண்ற சின்ன டெம்ப்ளேட்ல யூஸ் பண்ணி வச்சிருந்தாங்க. 1-ல அது ஓடும், 3-ல இம்போர்ட் பண்ண ஃபைலுக்கு மட்டும்தான், இன்க்ளூட் பண்ற ஃபைல்ல மறுபடி இம்போர்ட் போடணும். கலெக்டர் லிஸ்ட்ல எனக்கு இது வரல, ஸ்ட்ரிக்ட் வேரியபிள்ஸ் (இல்லாத வேரியபிளுக்கு எர்ரர் காட்டுற செட்டிங்) ஆஃப்ல இருந்ததால எர்ரரும் வரல, இல்லாத வேரியபிளை வெறும் காலின்னு எடுத்துக்கிட்டு சத்தமே இல்லாம போயிடுச்சு. காவடி எடுக்கிறவங்க பேர் குடுக்குற ஃபார்ம்ல அனுப்புற பட்டன் மட்டும் இருக்கு, பெட்டி ஒண்ணும் இல்ல. காலைல ஏழு மணிக்கு அதே பெரியவர் ஃபோன், "ஃபோம் லா பா பெ மார்ஷே தம்பி"ன்னு (ஃபார்ம் வேலை செய்யலன்னு இங்கத்த க்ரியோல்ல). அன்னிக்கே ஸ்ட்ரிக்ட் வேரியபிள்ஸை ஆன் பண்ணேன், இன்னும் ஒம்போது இடத்துல ஓட்டை இருந்தது அப்பதான் வெளிய வந்துச்சு. நீங்க அப்கிரேட் தொடங்குறதுக்கு முன்னாடியே லோக்கல்ல ஆன் பண்ணிடுங்க, சொல்லிட்டேன்.

மத்தபடி நம்பிக்கைக்கு ஒரு விஷயம், 2022-ல ஃபைல்சிஸ்டம் லோடர்ல (டெம்ப்ளேட் ஃபைலை எடுத்துட்டு வர்ற பகுதி) ஒரு செக்யூரிட்டி ஓட்டை வந்தப்ப 3.4.3-ல மட்டும் இல்ல, 2.15.3, 1.44.7-னு பழைய ரெண்டு லைன்லயும் சேத்து அடைச்சாங்க. ட்விக் 3 வந்தது 2019-ல, மூணு வருஷம் கழிச்சும் 1-ல இருக்கிறவனை மறக்கல. காசு வாங்கி விக்கிற சாஃப்ட்வேர்லயே இதை நான் அதிகம் பாத்ததில்ல.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா ஒண்ணு அந்த எக்ஸ்டென்ஷன்ஸ், இன்னொண்ணு ஸ்பேஸ்லெஸ் (எச்டிஎம்எல் டேக்குகளுக்கு நடுவுல இருக்கிற வெத்து இடத்தை எடுக்கிறது). டேக்கா இருந்ததை எடுத்துட்டு அப்ளைல ஃபில்டரா போடுன்னாங்க, போட்டேன், எல்லா டெம்ப்ளேட்லயும். 3.12-ல பாத்தா அந்த ஃபில்டரும் டெப்ரிகேட்டட்டாம். இப்ப லாக்ல தெனமும் அந்த வார்னிங்தான் ஓடுது, காவடி முடியட்டும்னு விட்டு வச்சிருக்கேன்.