லூப் ஹேபிட் டிராக்கர்: ஒரு நாள் தவறினால் கணக்கு அழியாத செயலி

பழக்கங்களைக் குறித்துவைக்கும் செயலிகள் பலவற்றில் தொடர்ச்சியாக எத்தனை நாள் என்பதுதான் எல்லாம். நாற்பது நாள் ஒழுங்காகச் செய்துவிட்டு ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் எண்ணிக்கை பூஜ்ஜியம். பலர் பழக்கத்தையே கைவிடுவது அங்கேதான். ஆண்ட்ராய்டுக்கான இந்த இலவசச் செயலி அந்த இடத்தில் நியாயமாக நடந்துகொள்கிறது. விளம்பரமோ கணக்குப் பதிவோ கிடையாது.

ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு சதவீத மதிப்பெண் உண்டு. தினசரிப் பழக்கத்தைத் தவறாமல் செய்தால் ஒரு மாதத்தில் 80, இரண்டு மாதத்தில் 96 வரும். 80-இல் ஒரு நாள் விட்டால் ஏறக்குறைய 76-க்கு இறங்கும். நான்கே நாளில் மீண்டுவிடலாம். இரண்டு வாரம் விட்டால் 38-க்குப் போய்விடும். சரியான கண்டிப்பு இது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் 2009 ஆய்விலும் ஒரு பழக்கம் தானாக நிகழும் நிலைக்கு வர 18 முதல் 254 நாள்வரை ஆனது. இடையில் ஒரு முறை தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை.

அமைக்கும்போது மூன்று பழக்கங்களுக்கு மேல் சேர்க்காதீர்கள். பழக்கத்தைக் கேள்வியாக எழுதும் கட்டம் ஒன்று உண்டு. அதில் எழுதுவதில்தான் பாதி வெற்றி. “உடற்பயிற்சி செய்தேனா?” என்று எழுதினால், மாடிப்படி ஏறியதையும் இரவில் கணக்கில் சேர்க்கத் தோன்றும். “பல் துலக்கியதும் பத்து தண்டால் எடுத்தேனா?” என்றால் ஆம், இல்லை இரண்டே பதில்தான். வாரம் மூன்று முறைதான் முடியும் என்றால், எத்தனை முறை என்ற இடத்தில் வாரம் மூன்று என்றே வையுங்கள். ஆசைக்குத் தினசரி என்று போட்டால் மதிப்பெண் பாதியைக்கூட எட்டாது.

மதிப்பெண்ணைக் குறைக்காமல் ஒரு நாளைத் தாண்டிச்செல்லும் வசதியை அமைப்புகளில் இயக்கலாம். நோய், பயணம் தவிர வேறெதற்கும் அதைத் தொடக்கூடாது. பழைய நாள்களுக்கும் குறி போட முடியும் என்பது இன்னொரு ஆபத்து. வாரக் கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து ஏழு கட்டங்களை நிரப்பினால் அது பயிற்சியே அல்ல. முகப்புத் திரையில் விட்ஜெட் (செயலியைத் திறக்காமலே குறிக்க உதவும் சிறு கட்டம்) வைத்து, செய்த கையோடு குறியுங்கள்.

குறைகளும் உண்டு. ஐபோனுக்கு இல்லை. நினைவூட்டல் வரவில்லையென்றால் பெரும்பாலும் போனின் பேட்டரி சிக்கன அமைப்புதான் காரணம். அதிலிருந்து இந்தச் செயலிக்கு விலக்கு கொடுங்கள். தரவு போனிலேயே இருப்பதால், மாதம் ஒருமுறை முழு பேக்கப் கோப்பை எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.