லெவோடோபாவோடு குடித்தனம்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

பார்க்கின்சனுக்கு மாத்திரை எழுதும்போது டாக்டர் சொல்வது ஒரே வரிதான்: "மூணு வேளை, சாப்பாட்டுக்கு முன்னாடி." அதற்குள் எத்தனை உட்பிரிவு இருக்கிறது என்பது வருஷக்கணக்கில் சாப்பிட்ட பிறகுதான் பிடிபடும்.

முதலில் அட்டையைப் பாருங்கள். நம்மூர் மருந்துக்கடைகளில் பரவலாகக் கிடைப்பது சின்டோபா. 110 என்றால் லெவோடோபா 100 மி.கி., கார்பிடோபா 10 மி.கி. பிளஸ் என்றால் 100, 25. 275 என்றால் 250, 25. வேலை செய்வது லெவோடோபா: மூளைக்குள் போய், இந்த நோயில் குறைந்துபோகும் டோபமைன் என்ற ரசாயனமாக மாறும். அது மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே உடம்பில் டோபமைனாக மாறிக் குமட்டலைக் கிளப்பாமல் தடுப்பது கார்பிடோபா. இந்தத் தடுப்பு சரியாக நடக்க, பொதுவாக நாளைக்கு 70 முதல் 100 மி.கி. கார்பிடோபா வேண்டும். 110ஐ மூன்று வேளை போட்டால் கிடைப்பது 30தான். "வாந்தி வருது, மாத்திரை ஒத்துக்கல" என்று நிறுத்துவதற்கு முன், பிளஸுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தானாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. கடும் விறைப்பும் காய்ச்சலுமாக ஐ.சி.யூ. வரை கொண்டுபோய்விடும்.

அடுத்த வில்லன் பருப்பு. லெவோடோபா ஓர் அமினோ அமிலம். குடலைத் தாண்டவும் மூளைக்குள் நுழையவும் அதற்கு இருக்கும் வாசலைத்தான் புரதத்திலிருந்து வரும் மற்ற அமினோ அமிலங்களும் பயன்படுத்துகின்றன. பொங்கல், சாம்பார், முட்டை, பன்னீர் என்று உள்ளே ஏற்கெனவே கூட்டம் இருந்தால் மாத்திரை வெளியே காத்திருக்கும். நீங்கள் நாற்காலியில் காத்திருப்பீர்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தோ, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு போடுவதுதான் சரி. பாலிலும் புரதம் உண்டு என்பதால் காலைக் காபியும் அரை மணி நேரம் தள்ளிப்போகும். நோயைவிட இதைத்தான் பலரால் ஏற்கமுடிவதில்லை. குமட்டினால் ஒரு ரஸ்க் கடித்துக்கொள்ளலாம். புரதத்தைக் குறைத்து உடம்பை இளைக்கவிட வேண்டாம். பெரும்பகுதியை ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளினால் போதும். இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மலச்சிக்கல் இருந்தால் இவ்வளவு கணக்கும் குழம்பும். தண்ணீர், கீரை, தேவைப்பட்டால் மருந்து என்று அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

"பூனைக்காலி விதையில இதே லெவோடோபா இருக்காமே?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இருக்கிறது, உண்மைதான். ஆனால் பொடி வாங்கி மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் மொத்த அளவு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

கார்பிடோபாவோடு சேர்ந்தாலும் லெவோடோபா ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் ஒன்றரை மணி நேரமே ஆகும். ஆரம்ப வருஷங்களில் மூளை கொஞ்சம் சேமித்து வைத்துச் சமாளிக்கும். பிறகு மூன்று வேளை ஐந்து, ஆறு வேளையாகும். எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எப்போது உடம்பு இளகியது, எப்போது மறுபடி இறுகியது, எப்போது தேவையில்லாமல் ஆடியது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். "நடுவுல கொஞ்சம் கஷ்டமா இருக்கு டாக்டர்" என்பதை வைத்து அவரால் ஒன்றும் மாற்றமுடியாது.

கால் ஒட்டிக்கொள்வது தனிக் கூத்து. மாடிப்படி ஏறிவிடுவார், சமதளத்தில், கதவருகே அப்படியே நின்றுவிடுவார். வீட்டில் நடிப்பு என்பார்கள். யோசிக்காமல் நடக்கும் நடையை ஓட்டுகிற பகுதிதான் பழுது. பார்த்து, குறிவைத்து வைக்கும் அடிக்கு மூளையில் வேறு பாதை உண்டு. படிக்கட்டு அந்தக் குறியைத் தானே தந்துவிடுகிறது. அதனால் கதவருகே தரையில் கலர் டேப்பை ஒரு அடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் குறுக்காக ஒட்டி, கோட்டைத் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்கச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டால் முதலில் நிற்கவேண்டும். மூச்சு விட்டு, எடையை இடமும் வலமும் மாற்றி, பிறகு ஒரு பெரிய அடி. கூட இருப்பவர் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. உடம்பு முன்னே வரும், கால் வராது. கூட இருப்பவர் தன் பாதத்தைக் குறுக்கே வைத்துத் தாண்டச் சொல்லலாம். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல், பஸ் திரும்புகிற மாதிரி அகலமாக வளையவேண்டும். அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும். காலிங் பெல் அடிப்பவருக்கு இது தெரியாது, விடாமல் அடிப்பார்.

நடுக்கத்துக்கும் ஒரு குணம் உண்டு. கை சும்மா இருக்கும்போது ஆடும், டம்ளரை எடுக்கப்போனால் அடங்கும், பிடித்தபடி சில நொடி நின்றால் மறுபடி தொடங்கும். ஆக, எடுத்தால் குடித்துவிட்டு வைத்துவிட வேண்டும். கையில் ஏந்திக்கொண்டு அரசியல் பேசினால் வேட்டிக்குத்தான் காபி. பாதியளவு ஊற்றி டபராவோடு கொடுப்பது நல்ல ஏற்பாடு. வேட்டியும் வெல்க்ரோ வைத்ததாக இருக்கட்டும். படுக்கையில் புரளமுடியாவிட்டால் இடுப்புப் பகுதியில் மட்டும் வழுக்கும் சாட்டின் துணி விரியுங்கள். முழுக்க விரித்தால் கால் ஊன்ற இடமில்லாமல் தரைக்கு வருவீர்கள்.

முகம் அசையாது என்பதால் ஜோக் சொன்னாலும் கோபமாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். சொல்லிவிட்டு "இது ஜோக்" என்று அறிவிப்பது தவிர வழியில்லை, அதையும் சத்தமாக. நமக்குக் கத்துவது போலத் தோன்றும் அளவுதான் அடுத்தவருக்குச் சாதாரணப் பேச்சு.

டோபமைனைப் போலவே வேலை செய்யும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகளை எழுதினால் வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள். சிலருக்குச் சூதாட்டமும் கண்டதை வாங்கும் வெறியும் வரும். மூன்றாவது மிக்ஸி வந்து இறங்கினால் கூரியர்காரரைத் திட்டாமல் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

வேறு எதற்காகவாவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மாத்திரை நேரங்களை எழுதிய தாளும் சொந்த மாத்திரையும் கையில் இருக்கவேண்டும். வார்டின் எட்டு மணி, இரண்டு மணி, எட்டு மணிக் கணக்கு இதற்கு உதவாது. அந்தத் தாளிலேயே கொட்டை எழுத்தில் இதையும் எழுதுங்கள்: வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின் வேண்டாம், தலைசுற்றலுக்கு சின்னரிசின், புளூனரிசின் வேண்டாம், பிதற்றினால் ஹாலோபெரிடால் வேண்டாம். எல்லாமே டோபமைனுக்கு எதிராக வேலை செய்பவை. ஆபரேஷனுக்கு வெறும் வயிறு என்றால், ஒரு வாய் தண்ணீரோடு மாத்திரை போடலாமா என்று மயக்க மருந்து டாக்டரிடம் முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.