கடலூரில் மகளிர் இலவசப் பயணம்: கட்சிச் சண்டையை விட்டு பஸ்ஸைப் பேசுவோம்

திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலைய டீக்கடைகளில் எந்தக் கட்சியில் யாருக்கும் யாருக்கும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் எப்போதும் பேச்சு. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் இலவசப் பயணத் திட்டம் எப்படி ஓடுகிறது என்று கேட்பவர் குறைவு. அதனால் சேவையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் துணையாளருக்கும் அப்படியே. சும்மா உட்கார்ந்துவிடக் கூடாது, நடத்துநரிடம் கட்டணமில்லா டிக்கெட் வாங்க வேண்டும். அந்தச் சீட்டுதான் கணக்கு. போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடுகட்டுவதற்கும் அதுவே ஆதாரம்.

தவறு நடப்பது பெரும்பாலும் ஏறும்போதுதான். பெயர்ப்பலகையில் ஊரை மட்டும் பார்த்து எக்ஸ்பிரஸிலோ புறநகர் பஸ்ஸிலோ ஏறினால் முழுக் கட்டணம். தனியார் பஸ்ஸிலும் சலுகை கிடையாது, இந்த மாவட்டத்தில் தனியார் பஸ்கள் நிறைய என்பதால் இதுதான் பெரிய ஓட்டை. நெல்லிக்குப்பம் பக்கமோ முதுநகர் பக்கமோ வேலைக்குப் போகிறவருக்கு, அரசு பஸ் வராத நேரத்தில் திட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

திட்டம் நல்லது, சந்தேகமே இல்லை. வேட்பாளர் வாசலுக்கு வந்தால் இவற்றைக் கேளுங்கள்: நம் தடத்தில் தினம் எத்தனை நடை? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? ரத்தான நடை எது, ஏன்?