உட்ரெக்ட்: 465 படியும், வாரத்துக்கு ஓர் எழுத்தும்

உட்ரெக்ட் நகரத்து டோம் கோபுரத்தில் மொத்தம் 465 படி. என் முழங்காலைக் கேட்காமலேயே மகள் சீட்டு எடுத்துவிட்டாள். 112 மீட்டர், நெதர்லாந்திலேயே உயரமான தேவாலயக் கோபுரம். வழிகாட்டியோடு மட்டுமே ஏற முடியும். என் வயதுக்கு அதுதான் நல்லது. நடுநடுவே அறைகளில் நிறுத்திக் கதை சொல்கிறார்கள், மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மணி அறைக்குள் நுழைந்ததும் கால்வலி மறந்தது. 1505ல் கேர்ட் வான் வவ் வார்த்த மணிகள், பெரியது 8 டன்னுக்கும் மேல். வெயில் நாளில் உச்சியிலிருந்து ஆம்ஸ்டர்டாம் தெரியுமாம். எனக்குத் தெரிந்தது மழையில் நனைந்த ஓட்டுக் கூரைகள்தான்.

இறங்கியதும் ஒரு விசித்திரம். கோபுரம் இங்கே, தேவாலயம் அங்கே, இடையில் வெட்டவெளி. 1674ல் அடித்த புயலில் நடுக்கூடம் இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டவில்லை. தூண்கள் நின்ற இடங்களைத் தரைக் கற்களில் குறித்து வைத்திருக்கிறார்கள். மேலேயே பார்த்துப் படம் எடுப்பவர்கள் இதை மிதித்துக்கொண்டு போகிறார்கள். நானும் முதலில் மிதித்தவன்தான்.

அப்புறம்தான் மகள் அவுடகிராக்ட் கால்வாய் ஓரத் தெருவுக்குக் கூட்டிப் போனாள். 'உட்ரெக்டின் எழுத்துகள்' என்று பெயர். தெருவில் பதித்த கற்களில், கல்லுக்கு ஓர் எழுத்தாக ஒரு கவிதை ஓடுகிறது. சனிக்கிழமைதோறும் கல்தச்சர் வந்து அடுத்த எழுத்தைச் செதுக்குகிறார். 2012 ஜூனில் திறந்தார்கள். கணக்கு மட்டும் 2000 ஜனவரியிலிருந்து. அதனால் இடைப்பட்ட 600க்கும் அதிகமான எழுத்துகளை மொத்தமாகப் பதித்துவிட்டார்கள். எங்காவது ஓரிடத்தில் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்கிற மாதிரி ஆரம்பிக்கிறது கவிதை. முடிவு கிடையாது. ஒரு கவிஞர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடர்கிறார். சனிக்கிழமைகள் இருக்கும்வரை எழுதுவார்களாம்.

அவள் பெயரை இப்படிச் செதுக்க எத்தனை நாள் ஆகும் என்று எண்ணிப் பார்த்தோம். ஐந்து வாரம்! பணம் கொடுத்தால் ஒரு கல்லுக்கு உபயதாரர் ஆகலாம். நீங்கள் சொல்லும் வாசகம் கல்லின் பக்கவாட்டில் இருக்கும், பதித்த பிறகு யார் கண்ணிலும் படாது. நம் கோயில் டியூப்லைட்டில் கொட்டை எழுத்தில் உபயம் போட்டுக்கொள்பவர்களை நினைத்து நான் சிரித்தேன், அவளுக்குப் புரியவில்லை.

குறை என்றால், படிப்பது சுலபமில்லை. சைக்கிள்களை எழுத்துகளின் மேலேயே நிறுத்தியிருக்கிறார்கள். குனிந்தால் பின்னால் சைக்கிள் மணி அடிக்கிறது. டச்சு தெரிந்தவர் உடன் இல்லாவிட்டால் வெறும் எழுத்து வரிசைதான். மகளுக்குத் தெரிந்த அரைகுறை டச்சு எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அதே கால்வாய் ஓரத்தில் விளக்குக் கம்பங்களின் அடியில் இருக்கும் செதுக்குக் கற்களையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் காட்சி, இப்படி நூற்றுக்கணக்கில். கீழே படகுத்துறையில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும்.

கோபுரத்துக்கு ஐந்தில் நான்கு, அந்த ஒன்று மேகத்துக்காகக் குறைத்தது. கல் கவிதைக்கு ஐந்துக்கு ஐந்து, அதுவும் காசில்லாமல். சனிக்கிழமை மதியம் போங்கள், உளிச் சத்தம் கேட்கும். நான் போனது செவ்வாய்.