72,500 ரூபாய்க்கு 'புது' சிபேப் மெஷின், மீட்டரில் 3,912 மணி நேரம்: ஏமாறாதீர்கள்

72,500 ரூபாய். தூக்க டெஸ்டுக்கு 6,000, சிபேப் மெஷினுக்கு (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்று செலுத்தும் மெஷின்) 58,000, மாஸ்க், காற்று வரும் ஹோஸ், தண்ணீர் ஊற்றிக் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் எல்லாம் சேர்த்து 8,500. பணம் கட்டி இன்றோடு 16 நாள். அப்பா அந்த மெஷினைப் போட்டுக்கொண்டு படுத்தது மொத்தம் நாலே ராத்திரி. நேற்று சாயந்திரம் மெஷினின் மெனுவுக்குள் போய்ப் பார்த்தால், அது ஏற்கெனவே 3,912 மணி நேரம் ஓடியிருக்கிறது. ராத்திரிக்கு ஏழு மணி நேரம் என்று வைத்தாலும் 550 ராத்திரிக்கு மேல். யாரோ ஒருவர் ஒன்றரை வருஷம் மூச்சு விட்ட மெஷினைத் துடைத்து, பெட்டியில் போட்டு, புதுசு என்று எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஆத்திரம் அடங்கவில்லை. இன்னொரு குடும்பம் மாட்டுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

விற்றது, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் 'ஸ்லீப்' கம்பெனி. வீட்டுக்கு வந்து தூக்க டெஸ்ட் எடுப்பதும் அவர்கள்தான், ரிப்போர்ட் கொடுப்பதும் அவர்கள்தான், மெஷின் விற்பதும் அவர்கள்தான். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. வந்த பையன் ஆஸ்பத்திரி ஊழியர்கள் போடும் அதே நீலக் கயிற்றில் அடையாள அட்டை மாட்டியிருந்தான். "டாக்டர் சொல்லித்தான் வந்திருக்கேன் அய்யா" என்றான். நாங்கள் நம்பியது அந்த இடத்தில்தான். ஆஸ்பத்திரியே அனுப்பியிருக்கிறது என்று நினைத்தோம். மறுநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்து சிவப்புக் கோடுகளைக் காட்டி, "பாருங்கம்மா, இந்த இடத்துல அய்யாவுக்கு 38 செகண்ட் மூச்சே இல்ல" என்றான். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஸ்டாக்ல ஒரே ஒரு பீஸ்தான் இருக்கு, நாளைக்கு வேற பேஷன்ட்டுக்குப் போயிரும்" என்றான். பத்து நிமிடத்தில் பணம் போய்விட்டது. ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்கலாம் என்று யோசிக்கவே அவன் நேரம் கொடுக்கவில்லை.

அந்த ரிப்போர்ட்டை இப்போது நிதானமாகப் படித்தால் வயிறு எரிகிறது. வீட்டு டெஸ்டில் மூக்கில் காற்றோட்டத்தை அளக்கும் கேனுலா என்ற மெல்லிய குழாய், நெஞ்சில் பெல்ட், விரலில் ஆக்சிஜன் கிளிப், அவ்வளவுதான். மூளை அலையைப் பதியும் வயர்கள் கிடையாது. ஆள் தூங்கினாரா, முழித்துக்கொண்டு கிடந்தாரா என்று அதற்குத் தெரியாது. ஆகவே குறைந்தது 4 மணி நேரமாவது சிக்னல் உருப்படியாகப் பதிவாகியிருக்க வேண்டும். அப்பாவின் வரைபடத்தில் 2 மணி 10 நிமிடத்துக்குப் பிறகு மூக்குக் கோடு தட்டையாகப் படுத்துவிட்டது. கேனுலா கழன்றிருக்கிறது. கழன்ற கேனுலாவில் காற்றோட்டம் தெரியாது. சாஃப்ட்வேர் அதை மூச்சு நின்றதாகவே எண்ணிக்கொண்டு போகும். டெக்னீஷியன் ஒருவர் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்து அந்த இடங்களை நீக்க வேண்டும், பிறகு டாக்டர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ரிப்போர்ட்டின் அடியில் 'தானியங்கிக் கணிப்பு' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. கையெழுத்து போடும் இடம் காலி. அம்மாவைப் பயமுறுத்திய அந்த 38 செகண்டுக்குப் பிறகு வரும் ஒரு நிமிடம் முழுக்க ஆக்சிஜன் 96-ஐ விட்டு இறங்கவே இல்லை!

ஏ.ஹெச்.ஐ. 41 என்று போட்டிருக்கிறார்கள். மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு அது. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை. அப்பாவுக்குக் குறட்டையும் உண்டு, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குவதும் உண்டு, பி.பி.யும் உண்டு. வியாதி நிஜமாகவே இருக்கலாம். ஆனால் இந்த 41 எதற்கும் உதவாது.

அடுத்தது அழுத்தம். சிபேப்பில் அழுத்தம் என்பது மருந்தின் டோஸ் மாதிரி. லேபில் ஒரு ராத்திரி படுக்கவைத்து, மூச்சு நிற்பது அடங்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்ப்பார்கள். இதற்கு டைட்ரேஷன் என்று பெயர். அல்லது அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ மெஷினைச் சில ராத்திரிகள் போடவைத்து, 95 சதவீத நேரத்துக்கு எவ்வளவு அழுத்தம் போதுமாயிருந்தது என்று மெஷினின் மெமரி கார்டிலிருந்து எடுப்பார்கள். அதைப் பார்த்து டாக்டர் சீட்டு எழுதுவார். எங்களுக்கு வந்த மெஷினில் அழுத்தத்தை 4 முதல் 20 வரை, முழு வீச்சுக்கும் அப்படியே திறந்துவிட்டிருந்தார்கள். மாஸ்க் ஒரே ஒரு மீடியம். அளவு அட்டையை முகத்தில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. மாஸ்க் பொருந்தாவிட்டால் காற்று கசியும். கண்ணில் அடிக்கும், வாய் வறளும். அழுத்தம் தேவைக்கு மேல் ஏறினால் காற்று வயிற்றுக்குள் போகும். மூன்றாம் நாள் அப்பா வயிறு உப்பி எழுந்தார். நாலாம் ராத்திரி ஒரு மணிக்கு மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டார்.

போன் செய்தால் முதல் நாள், "பழகிரும் சார், எல்லாருக்கும் அப்படித்தான்." ரெண்டாம் நாள், "மாஸ்க் ஹைஜீன் ஐட்டம், ரிட்டர்ன் கிடையாது." ஐந்தாம் நாள், "ஸ்ட்ராப்பை டைட்டா போடுங்க." நேற்று மீட்டர் போட்டோவை அனுப்பினேன். "அது ஃபேக்டரி டெஸ்டிங் அவர்ஸ் சார்." 3,912 மணி நேரம் டெஸ்டிங்கா? கார்டில் இருந்த பழைய ஆளின் பதிவுகளை அழித்திருக்கிறார்கள். மோட்டார் ஓடிய கணக்கு மட்டும் அழியவில்லை. மெஷினின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணும் பெட்டியில் இருக்கும் எண்ணும் வேறு வேறு. அதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால், "அவங்க அவுட்சைடு வெண்டர், எங்களுக்குச் சம்பந்தமில்ல." அப்படியானால் உங்கள் நீலக் கயிறு அவன் கழுத்தில் என்ன செய்கிறது?

பழைய மெஷின் என்றால் என்ன கெட்டுப்போச்சு என்று சிலர் கேட்பீர்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உலகம் முழுக்க லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது. உள்ளே இருக்கும் ஒலியடக்கும் ஃபோம் பொடிந்து காற்றோடு மூச்சுக்குள் போகலாம் என்பதுதான் காரணம். எங்களுடையது வேறு கம்பெனி மெஷின். ஆனால் யார் வீட்டில், எந்தத் தூசியில், எந்தத் தண்ணீர் ஊற்றி ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 72,500 ரூபாயைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்திருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47): பழைய பொருளைப் புதிது என்று விற்பதும், பில் கொடுக்காமல் இருப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை. எங்களுக்குக் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட ஒரு தாள், ஜி.எஸ்.டி. எண் இல்லை, சீரியல் எண் இல்லை. மருத்துவக் கருவி விற்கிறவர் எம்.டி.-42 பதிவோ அதற்குரிய உரிமமோ வைத்திருக்க வேண்டும். கேட்டதற்குப் பதிலே இல்லை. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் டாக்டர் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 2002 மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. நோயாளியை அனுப்பி வைப்பதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று சொல்வதும் அதே விதிகள்தான். டெஸ்டையும் மருந்தையும் எங்கே வாங்குவது என்று தேர்ந்தெடுப்பது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் நேற்றே புகார் பதிந்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், 2 வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் நோட்டீஸ் திங்கட்கிழமை போகிறது.

விரிவாக எழுத இப்போது மனநிலை இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். டெஸ்ட் எடுத்தவரிடமே மெஷின் வாங்காதீர்கள். டாக்டர் கையெழுத்தும் அழுத்த அளவும் இருக்கும் சீட்டு இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். மெஷினை ஓடவிட்டு, மணி மீட்டரைப் பார்த்த பிறகே பணம். பெட்டி, மெஷின், பில், மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். முடிந்தால் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து மாஸ்க் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அப்பாவுக்கு வியாழக்கிழமை ராத்திரி வேறு ஆஸ்பத்திரியில் லேப் டெஸ்ட். அங்கே மெஷின் விற்பதில்லை என்று முதலிலேயே கேட்டுவிட்டேன். முழுப் பதிவையும் பென்டிரைவில் தருவதாக எழுதி வாங்கியிருக்கிறேன்.