விளிம்பில் ஒரு பென்சில் புள்ளி: கட்டுரை திருத்தும் முறை ஒன்றைப் பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதலாம் ஆண்டு கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வகுப்பில் பெரும்பாலானவர்கள் வீட்டில் ஜூலு பேசுகிறவர்கள். மீதிப் பேரில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து நம் பிள்ளைகள் நிறைய. பெயரின் கடைசியில் பிள்ளையோ கோவெண்டரோ இருக்கும், வாயில் ஆங்கிலம் மட்டும்தான். இத்தனை வகைப் பிள்ளைகளுக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் அட்டவணை. திருத்துவதற்கு என்னென்னவோ முறைகள் வந்து போயின. என்னிடம் கடைசிவரை நின்றது ஒன்று.

கட்டுரையில் எழுத்துப் பிழை, இலக்கணச் சறுக்கல், காற்புள்ளிக் குழப்பம் எது வந்தாலும் நான் திருத்துவதில்லை. அந்த வரிக்கு நேராக விளிம்பில் பென்சிலால் ஒரு புள்ளி. இரண்டு பிழை என்றால் இரண்டு புள்ளி. தாள் வகுப்பில் திரும்பிப் போகும். மாணவர் அங்கேயே உட்கார்ந்து, பிழை எது என்று தானே தேடிச் சரிசெய்து கொடுத்த பிறகுதான் மார்க். இது ரிச்சர்ட் ஹாஸ்வெல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1983-இல் எழுதிய யோசனை. இப்படி விட்டால் பாதிக்கு மேற்பட்ட பிழைகளை மாணவர்களே பிடித்துவிடுகிறார்கள் என்றார் அவர். எங்கள் ஊரிலும் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது.

டர்பனை அடுத்த உம்லாசியிலிருந்து வரும் ஒரு பையன், பலர் சேர்ந்து போகும் மினிபஸ் டாக்ஸி பற்றி எழுதியிருந்தான். முதல் பத்தி முழுக்கப் புள்ளி. அவன் அம்மா ஒரு வரியில் 'ஷீ', அடுத்த வரியில் 'ஹீ'. ஜூலுவில் இந்த ஆண் பெண் பிரிவு கிடையாது என்பதால் இது அங்கே சகஜமான சறுக்கல். புள்ளியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு மாற்றிவிட்டான். வினையில் விட்டுப்போன 'எஸ்' இரண்டையும் உடனே கண்டுபிடித்தான். ஆனால் 'த' (the) என்ற ஆங்கிலச் சொல் வரவேண்டிய இடங்களில் இருந்த புள்ளிகளை வெறித்துப் பார்த்தபடியே இருந்தான். ஜூலுவிலும் அது இல்லை, தமிழிலும் இல்லை. அவன் தவிப்பு எனக்கு நன்றாகவே புரியும்.

இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். கவனக்குறைவால் வந்த பிழை எது, தெரியாமல் வந்த பிழை எது என்று தாளே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. தீராமல் நிற்கும் புள்ளிகளைப் பார்த்து அடுத்த வாரப் பாடத்தை முடிவு செய்வேன். எல்லாவற்றையும் சிவப்பு மையில் நாமே எழுதிக் கொடுத்தால் இந்தப் பிரிவு தெரியவே தெரியாது. அதுவும் போக, மார்க்கைப் பார்த்த கையோடு தாள் பைக்குள் போய்விடும்.

தெரியாததற்குப் புள்ளி உதவாது என்பதை இன்னும் தெளிவாகச் சொன்னவர், சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுக்கும் அக்கா. ஆசையாக ஒரு மாதம் முயன்று பார்த்துவிட்டு, "உன் புள்ளி இங்க வேகாதும்மா," என்றார். "ழவும் ளவும் வேற வேறன்னு இந்தப் புள்ளைங்க காதால கேட்டதே இல்ல. எதைன்னு தேடும்? ஒருத்தன் அந்தப் புள்ளியத் தூக்கி எழுத்து மேல வச்சு மெய்யெழுத்தாக்கிட்டான்!"

எதற்கு எத்தனை மார்க் என்று வரிசை வரிசையாகச் சொல்லும் மதிப்பெண் அட்டவணையை, அதாவது ரூப்ரிக்கை, நான் விடவில்லை. விடவும் முடியாது. நாங்கள் போட்ட மார்க் சரியா என்று பார்க்க வெளியிலிருந்து வரும் மாடரேட்டர் முதலில் கேட்பது அதைத்தான். பல டியூட்டர்கள் சேர்ந்து திருத்தும்போது அது இல்லாவிட்டால் ரகளைதான். 1961-இல் பால் டீடரிக்கும் கூட்டாளிகளும் 300 மாணவர் கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து ஒன்பது படிகளில் தரம் போடச் சொன்னார்கள். பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாசிரியர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். எந்தக் கட்டுரைக்கும் ஐந்துக்குக் குறையாத வெவ்வேறு தரங்கள் விழுந்தன. ஒருவர் கருத்தைப் பார்த்தார், ஒருவர் அமைப்பை, இன்னொருவர் இலக்கணத்தை மட்டும். நாம் இன்று போடும் அட்டவணையின் வரிசைகள் அந்த ஆய்வின் வழி வந்தவைதான்.

ஆனால் அது திருத்துகிறவருக்கான கருவி, மாணவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை என்பது என் கட்சி. 'வாதம்: ஓரளவு வளர்க்கப்பட்டுள்ளது' என்ற கட்டத்தில் டிக் வாங்கிய பிள்ளை வீட்டுக்குப் போய் என்ன செய்யும்? இன்னொரு கோளாறும் உண்டு. மொழி என்ற வரிசைக்கு நூற்றுக்கு இருபதுதான் என்று எழுதியிருப்போம். பக்கம் முழுக்கப் பிழை தெரிந்தால் வாதத்துக்கும் சான்றுக்கும் சேர்த்தே கை இறங்கிவிடும். புள்ளி முறையில் பிழைகள் தீர்ந்த பிறகு இரண்டாம் முறை படிக்கிறோம் அல்லவா, அப்போதுதான் அந்த டாக்ஸிப் பையனிடம் சொல்ல விஷயம் இருந்தது என்றே தெரிந்தது.

அவன் கட்டுரை, போக்குவரத்து சமூகத்துக்கு இன்றியமையாதது என்ற ரீதியில் ஆரம்பித்தது. அங்கே 'விரிவாக எழுது' என்று குறிப்பு எழுதினால் இன்னும் நான்கு இன்றியமையாதது வரும். 'ஐந்து மணிக்கு டாக்ஸி ஏறினால் வகுப்புக்கு எத்தனை மணிக்கு வருகிறாய்? கட்டணம் ஏறினால் வீட்டில் எதைக் குறைக்கிறார்கள்?' என்று கேட்டு வைத்தேன். திரும்பி வந்த தாளில் அம்மாவின் வாரச் செலவுக் கணக்கு ஒரு பத்தி முழுக்க இருந்தது. கருத்துக்குக் கேள்வி, பிழைக்குப் புள்ளி: இரண்டையும் கலக்காமல் இருந்தால் ஒரு தாளுக்கு ஆகும் நேரமும் குறைகிறது. 2023-இல் லோட் ஷெடிங் எனப்படும் முறை வைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது சார்ஜ் விளக்கடியில் இந்தப் பென்சில்தான் கைகொடுத்தது. மடிக்கணினியில் திருத்திக்கொண்டிருந்தவர்கள் கரண்ட் வரும் நேரம் பார்த்து அலாரம் வைத்தார்கள்.

வாய்ஸ் நோட்டும் அனுப்பிப் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, டாக்ஸியில் கேட்டுக்கொண்டே வருகிறார்கள். ஆனால் மாதக் கடைசியில் டேட்டா இருக்காது.

ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி மார்க் போடுவதில்லை. 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். அவை சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்றன. எங்கள் வகுப்புக்கு இது எப்படிப் பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேப் டவுன் பல்கலைக்கழகம் 2025 அக்டோபர் முதல் இத்தகைய மென்பொருள் காட்டும் ஏஐ கணக்கைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டது. நான் முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுதச் சொல்கிறேன். புள்ளி வைத்த தாள், திருத்திய தாள், கடைசி வடிவம் மூன்றும் ஒரே கோப்பில் சேரும். ஒருவர் எழுத்து எப்படி வளர்ந்தது என்பது அதிலேயே தெரிகிறது.

குறை என்றால், மார்க்கை நிறுத்திவைப்பது அலுவலகத்துக்குப் பிடிக்காது. பட்டியலில் வெற்றிடம் கண்டால் மறுநாளே மின்னஞ்சல் வந்துவிடும். அதனால் சமர்ப்பிக்கும் கடைசி நாள் என்று கால அட்டவணையில் போடுவதே திருத்திய தாளுக்கான நாளைத்தான். முதல் தாள் அதற்குப் பத்து நாள் முன்னால் 'பயிற்சி' என்ற பெயரில் வந்துவிடும். பயிற்சிக்கு மார்க் கேட்டு இதுவரை யாரும் எழுதவில்லை.